பத்து நாள் சதி

நான் ஞானம் பெறுவது என்று முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு. ஒன்பது பத்துக்கு என் அக்கா சோலையம்மாள் திருச்சியிலிருந்து போன் செய்திருந்தாள்.

"தம்பி, வீட்டுக்குத் தரை மாத்துறோம்டா. பத்து நாளைக்கு ஒரே தூசியா இருக்கும். உங்க அத்தானுக்கு ஒத்துக்காது. வர்ற பதினஞ்சாம் தேதி ரெண்டு பேரும் காரைக்குடிக்கு வந்துர்றோம்."

அக்கா வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். என் கவலையெல்லாம் அத்தான் செம்மலையைப் பற்றித்தான். அத்தான் தங்கமான மனிதர். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சிறுநீரகத்தில் ஒரு கல் இருந்தது. இப்போது அது ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. டப்பா அவர் சட்டைப் பையில் இருக்கிறது. கல்லின் கதை அவர் வாயில் இருக்கிறது. கேட்கிற காது மட்டும் எப்போதும் என்னுடையதாகவே இருக்கிறது.

நான் அழகுசுந்தரம். லைசென்ஸ் வாங்கிய சர்வேயர். கல்லல் பக்கமும் சாக்கோட்டைப் பக்கமும் வயல் அளப்பது தொழில். கல்லோடு பிழைப்பு நடத்துகிறவன். எவனோ பிடுங்கி எறிந்த எல்லைக் கல்லை முள்ளுக்காட்டுக்குள் புகுந்து கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் பிடுங்கிய பிறகும் வளருகிற கல்லை அத்தானிடம்தான் பார்த்தேன். முதல் வருஷம் அது கடுகு. அடுத்த தடவை மிளகு. போன பொங்கலுக்கு வந்தபோது புளியங்கொட்டை. டப்பாவுக்குள் கிடப்பது என்னவோ இன்னும் கடுகுதான்.

பத்து நாள். ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு. வேளைக்கு ஒரு தடவை கல். முப்பது கல். என் மனதில் ஒரு கட்டடமே எழும்பிவிட்டது.

அப்போதுதான் என் சிநேகிதன் சபியுல்லா முந்தின நாள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்துச் சொன்னது ஞாபகம் வந்தது.

"மதுரைப் பக்கம் ஒரு தியான மையமாம்ப்பா. புத்தர் சொன்ன முறையாம். பத்து நாள். வாசல்லயே போனை வாங்கி வச்சுக்குவாகளாம். யாரும் யாரோடயும் பேசக் கூடாதாம். கண்ணால ஜாடை காட்டக்கூட வழியில்லையாம்."

பேச்சு இல்லை. போன் இல்லை. கல் இல்லை. அடுத்த வகுப்பு எப்போது என்று என் போனில் பார்த்தேன். பதினைந்தாம் தேதி! புத்தர் என் பக்கம் என்பது உறுதியாகிவிட்டது.

தடை ஒன்றே ஒன்றுதான். என் மனைவி ரோகிணி. "உங்க அக்காவையும் அத்தானையும் என் தலையில கட்டிட்டு எங்குட்டுப் போறீக?" என்று கேட்டுவிடுவாள். ஆகவே இரண்டு முடிவு செய்தேன். ஒன்று, அக்கா வரும் செய்தியை அவளிடம் சொல்வதில்லை. மறந்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். இரண்டு, எனக்கு உண்மையிலேயே ஞானம் முற்றுகிறது என்று அவளை நம்பவைப்பது. கையில் மூன்று வாரம் இருந்தது. பாலிச் சொற்களுக்குத் தமிழில் அர்த்தம் போட்ட ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். முன்கூடத்தில் பாயை விரித்தேன். கண்ணை மூடினேன்.

"என்ன செய்றீக? நெஞ்சு வலிக்குதா?"

"ஆனாபானசதி செய்றேன்."

"என்ன சதி?"

"ஆனாபானசதி. மூச்சு உள்ள போறது, வெளிய வர்றது, ரெண்டையும் கவனிக்கிறது. சதின்னா பாலி மொழியில விழிப்போட இருக்கிறது."

"நம்ம மொழியில அதுக்கு வேற அர்த்தமில்ல?"

உள்ளே போன என் மூச்சு கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ஆனால் நான் அசரவில்லை. வேளைக்கு ஒரு சொல் வீதம் இறக்கினேன். அன்று இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"மனுஷனைக் கெடுக்கிறது மூணு விஷம் ரோகிணி. லோபம், தோசம், மோகம்."

"தோசையா?"

"தோசம். வெறுப்பு."

"தோசை மேல உங்களுக்கு வெறுப்பா? இப்ப ஏழாவதை உள்ள தள்ளிக்கிட்டு இருக்கீக."

"அதுக்குப் பேரு தண்ஹா. வேட்கை. எல்லாத் துக்கத்துக்கும் அதுதான் வேர்."

"அப்ப எட்டாவது வேணாம்?"

வேரை ஒரே நாளில் பிடுங்கக் கூடாது என்று புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி எட்டாவதையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, மிக்ஸி நின்னுபோச்சு!"

"அனிச்சம்" என்றேன் கண்ணைத் திறக்காமல். "உலகத்துல எதுவும் நிலையா நிக்காது."

"மிக்ஸி நிலையாத்தான் நிக்கிது. ஓடத்தான் மாட்டேங்குது. எந்திரிச்சு வாங்க."

"பதறக் கூடாது ரோகிணி. உபேக்கா. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் மனசை ஒரே மட்டத்துல வச்சுக்கணும். ரசமட்டத்துக்குள்ள குமிழி நடுவுல நிக்கும் பாரு, அந்த மாதிரி."

அன்று சட்னி இல்லை. வெறும் இட்லியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குமிழி நடுவில் நிற்கிறதா என்று சோதிக்கிறாளாம். மனதுக்குள் அழுதபடி ஆறு இட்லியைச் சிரித்த முகத்தோடு விழுங்கினேன். அவள் முகம் மாறியது. கேலி போய் ஒரு கவனம் வந்தது. சரி, வலையில் விழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடம் கேட்க ஆரம்பித்தாள். மெத்தா என்றால் என்ன? மெத்தையில் படுப்பதா? இல்லை, எல்லா உயிரும் நல்லா இருக்கணும் என்று மனசார நினைப்பது. முதிதா? அடுத்தவர் சந்தோஷப்படும்போது வயிறு எரியாமல் நாமும் சந்தோஷப்படுவது. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் நான் சொல்ல அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இருப்பதிலேயே கனமான சொல்லை எடுத்து விட்டேன்.

"அனத்தா. இது புரிஞ்சுட்டா எல்லாம் புரிஞ்ச மாதிரி. 'நான்', 'எனது'ன்னு பிடிச்சு வச்சிருக்கோமே, அதுக்குப் பட்டா கிடையாது ரோகிணி. வேலியை மட்டும் போட்டு வச்சிருக்கோம். உள்ள போய்த் தேடினா 'நான்'னு ஒரு ஆளே இல்ல."

"அப்ப அழகுசுந்தரம்ங்கிறது?"

"அது சும்மா ஒரு பேரு. வேற எந்தப் பேரையும் அந்த எடத்துல போட்டுக்கலாம்."

"வேற எந்தப் பேரையும் போட்டுக்கலாமா?"

"தாராளமா."

இரண்டாவது தடவையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். என்ன ஒரு சிரத்தை என்று மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மெதுவாகத் தியான மையத்தைப் பற்றிச் சொன்னேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பத்து நாள் உன்னைத் தனியா விட்டுட்டு எப்படி…" என்று இழுத்தேன்.

"பத்து நாள்தானே? இதுக்கு ஏன் இந்த மூஞ்சி? பேரைக் குடுத்துரவா?"

"குடு, குடு!"

அவளே போனை எடுத்தாள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடியோ சபியுல்லா கடையில் பழுதுக்குக் கிடந்தது. அவள் கேட்டாள், நான் சொன்னேன்.

"எதுக்காக வர விரும்புறீகன்னு கேட்டிருக்கு."

நான் சாய்ந்து உட்கார்ந்தேன். "போட்டுக்க. இருபத்தாறு வருஷமா ஒருநாள்கூட ஓய்வு இல்லை. காலையில எந்திரிச்சதுலேர்ந்து அடுத்தவங்களுக்காகவே ஓடுறேன். வீட்ல என் பேச்சைக் காது குடுத்துக் கேக்க ஆள் கிடையாது. பத்து நாளாச்சும் என்னைய நானே பார்க்கணும்."

"ஆகா! எம்புட்டு அழகாச் சொல்றீக" என்று ஒரு எழுத்து விடாமல் தட்டினாள். அவள் கண் லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது. என் பேச்சுத்திறனை நானே வியந்தேன்.

நாலாம் நாள் இடம் உறுதி என்று தகவல் வந்தது. அவளுடைய போனுக்குத்தான் வந்தது. நான் செக்காலை ரோட்டில் சபியுல்லாவுக்குப் பால் சர்பத் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். "ஒரே அம்பு! அக்காவுக்கு வீடு கிடைச்சிருச்சு, அத்தானுக்குச் சோறு கிடைச்சிருச்சு, எனக்கு ஞானம் கிடைச்சிருச்சு." சபியுல்லா சர்பத்தை உறிஞ்சிக்கொண்டே, "ரோகிணி தங்கச்சிக்கு என்ன கிடைச்சுச்சு?" என்று கேட்டான். அவனுக்கு எப்போதும் வேண்டாத கேள்விதான்.

பதினைந்தாம் தேதி விடிந்தது. எட்டு மணிக்கு வாசலில் ஆட்டோ. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் சாந்தம். இந்தக் கோலத்தில் நான் வெளியே வந்தேன். பை ஆட்டோவுக்குள் இருந்தது. பைக்குப் பக்கத்தில் ரோகிணி இருந்தாள்.

"நீ எதுக்கு? பஸ் ஸ்டாண்டுக்கு நானே போய்க்கிறேன்."

"ஆமா, நீங்களும் போகணும். பத்து மணிக்கு. உங்க அக்காவும் அத்தானும் வாராகள்ல, கூட்டிட்டு வரணும்ல?"

என் சாந்தம் வேட்டியோடு சேர்ந்து நழுவியது.

"உனக்கு… உனக்கு யாரு சொன்னா?"

"உங்க அக்காதான். உங்களுக்கு ஒன்பது பத்துக்குப் பேசிட்டு, எனக்கு ஒன்பது இருபதுக்குப் பேசினாக. நீங்க சொல்லுவீக, சொல்லுவீகன்னு மூணு வாரமாப் பார்த்தேன். அனிச்சம் சொன்னீக, தண்ஹா சொன்னீக. அதை மட்டும் சொல்லவே இல்ல."

"சரி, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இறங்கு. எனக்கு நேரமாச்சு."

"உங்களுக்கு என்ன நேரமாச்சு? இடம் எனக்கு."

போனை நீட்டினாள். பழுது பார்த்து வந்திருந்த கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பெயர், ரோகிணி. வயது, நாற்பத்தெட்டு. வர விரும்பும் காரணம், இருபத்தாறு வருஷமாக ஒருநாள்கூட ஓய்வு இல்லை. எல்லாம் நான் சொன்னதுதான். ஒரு வரிகூட மாற்றவில்லை. சங்கடம் என்னவென்றால், என் பெயருக்குக் கீழே இருப்பதைவிட அவள் பெயருக்குக் கீழே அது இன்னும் பொருத்தமாக இருந்தது.

"இது மோசடி!"

"நீங்கதானே சொன்னீக, அந்த எடத்துல வேற எந்தப் பேரையும் போட்டுக்கலாம்னு? ரெண்டு தடவை கேட்டேன். தாராளமான்னு சொன்னீகள்ல?"

"அது தத்துவம்!"

"'நான்'னு ஒரு ஆளே இல்லைன்னா நீங்க போனா என்ன, நான் போனா என்ன?"

ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ரோகிணி" என்றேன் தாழ்ந்த குரலில். "எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. கல்யாணம் ஆன புதிதில் சினிமாவுக்குக் கிளம்பும்போது சிரிப்பாளே, அது. "நான் பத்து நாள் சமைக்காம, யாரு என்ன கேப்பாகளோன்னு காதைத் தீட்டாம, சும்மா உக்காரப் போறேங்க. எனக்கு எம்புட்டுச் சந்தோஷமா இருக்கு தெரியுமா? நீங்களும் கொஞ்சம் சந்தோஷப்படுங்க. அதுக்கு என்னமோ பேரு சொன்னீகளே…"

"முதிதா" என்றேன் பல்லைக் கடித்தபடி.

ஆட்டோ போய்விட்டது.

பத்தரைக்கு அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். அக்காவுக்கு முழங்காலில் ஊசி போட்டிருந்தது. நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து ஆட்சி நடத்தினாள்.

முதல் நாள் நான் வைத்த சாம்பாரை அத்தான் ரசம் என்று நினைத்தார். ரசத்தைக் கை கழுவத் தந்த தண்ணீர் என்று நினைத்து, அதில் கையைக் கழுவியும் விட்டார். அதோடு டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "மாப்ள, அன்னைக்கு ராத்திரி மணி ரெண்டு. இடுப்புல சுருக்குன்னு ஒரு குத்து…"

என் உள்ளே தோசம் எழுந்தது. நிஜமான தோசம். ஏழு தோசை உயரத்துக்கு எழுந்தது.

மூன்றாம் நாள் இரவு என்னால் முடியவில்லை. காபி, தண்ணீர், துண்டு, மாத்திரை, மறுபடி தண்ணீர். சர்வேயர் புத்தி சும்மா இருக்காதே. டேப்பை எடுத்து அளந்தேன். அடுப்படியிலிருந்து முன்கூடம் வரை பதினாலு மீட்டர். அன்று ஒரு நாளில் நூற்றுப்பத்து நடை நடந்திருந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல், வீட்டுக்குள்ளேயே. இருபத்தாறு வருஷத்துக்குப் பெருக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். புத்தகத்தில் துக்கம் என்ற சொல்லுக்கு நேரே நாலு வரி விளக்கம் போட்டிருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த நாலு வரியும் தேவைப்படவில்லை. மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் முதல் முறையாக எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் என் வெற்றிகள் ஆரம்பித்தன.

நாலாம் நாள் அத்தான் "மாப்ள, அன்னைக்கு ராத்திரி மணி ரெண்டு" என்றதும், "அத்தான், ஒரு நிமிஷம்" என்றேன். "கல்லைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி மூச்சைக் கொஞ்சம் பாருங்க. மூக்கு நுனியில. உள்ள போகுதா? வெளிய வருதா? எண்ணாதீக. சும்மா பாருங்க."

அத்தான் கண்ணை மூடினார். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். தாடை மார்பில் இறங்கியது. மெல்லிய குறட்டை. ஒன்றரை மணி நேரம் வீட்டில் கல் விழவில்லை.

அக்கா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "டேய் தம்பி! என்னடா செஞ்ச?"

"ஆனாபானசதி."

"என்ன சதியோ, எட்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான்டா காக்கா கத்துறது எனக்குக் கேக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அத்தானே பாயை விரித்துக்கொண்டார். ஏழாம் நாள் தூங்காமலே அரை மணி உட்கார்ந்தார். எழுந்து, "மாப்ள, உள்ள என்னமோ லேசாச்சு" என்றார். இத்தனைக்கும் நான் மெத்தா சொல்லித்தரும்போது, ஊரில் உள்ள எல்லாச் சிறுநீரகங்களும் நல்லா இருக்கட்டும் என்று நினையுங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அடுப்படியிலும் அதே வேகம். அக்கா சொல்லச் சொல்ல ஆறாம் நாள் காரக்குழம்பு எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. எட்டாம் நாள் கருப்பட்டி போட்டுக் கிண்டிய கும்மாயம். ஒன்பதாம் நாள் வெள்ளைப் பணியாரம். அதை ஊற்றத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாவு ஒரு சொட்டு இளகினால் விரிந்துவிடும், இறுகினால் கல்லாகிவிடும். என் முதல் பணியாரம் எண்ணெயில் விழுந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு நிலா மாதிரி உப்பி மேலே வந்தது. நான் கரண்டியை உயர்த்திப் பிடித்து ஒரு சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள்.

பதினோராம் நாள் காலை ரோகிணி வந்தாள். பத்து வயது குறைந்திருந்தது. நடையில் அவசரம் இல்லை. அத்தான் கிளம்புகிற நேரம். என் கையைப் பிடித்து மாத்திரை டப்பாவை உள்ளே வைத்தார். "பற்றை விட்டுட்டேன் மாப்ள. குருவுக்குத் தட்சணை." கடுகளவுக் கல் டப்பாவுக்குள் உருண்டது. ஒரு சிஷ்யனைக் கரையேற்றிய பெருமிதத்தோடு வாங்கிக்கொண்டேன்.

அக்கா ரோகிணியின் தாடையைப் பிடித்தாள். "ரோகிணி, இவன் கைப்பக்குவத்தை நீ பார்க்கணும்! பணியாரம் ஊத்துறான் பாரு, நான்கூட அப்படி ஊத்த மாட்டேன்."

"நெசமாவா?" என்று ரோகிணி என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் அடங்கியிருக்கலாம். ஆனால் வெற்றி ஒரு மனிதனைச் சும்மா விடுமா? மார்பை நிமிர்த்தினேன். "என்னைய விட்டுட்டுப் போனா நான் அழுதுக்கிட்டு நிப்பேன்னு நெனச்சியா? இனிமே இந்த அடுப்படி எனக்கு அத்துப்படி!"

"சாது!" என்றாள் கைகூப்பி. நல்லது என்று அர்த்தமாம். அங்கே கற்றுக்கொண்டது. "நான் பயந்துக்கிட்டே வந்தேங்க. இதை எப்படி உங்ககிட்டச் சொல்றதுன்னு. கத்துக்கிட்டது நிலைக்கணும்னா காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், தினமும் உக்காரணும்னு சொல்லி அனுப்பியிருக்காக."

"தாராளமா உக்காரு. எத்தனை மணிக்கு?"

"ஆறுலேர்ந்து ஏழு. ரெண்டு வேளையும்."

அந்த வீட்டில் அடுப்பு உச்சத்தில் எரிகிற இரண்டு மணி நேரம் அதுதான். பத்து நாளில் எனக்கும் அது தெரிந்திருந்தது. "எத்தனை நாளைக்கு?" என்றேன், குரல் கொஞ்சம் இறங்கி.

"ஆயுசுக்கும்."

மறுநாள் காலை. ஆறு அடித்து ஐந்து நிமிஷம். கொட்டாவி விட்டபடி வெளியே வந்தேன். முன்கூடத்தில் ரோகிணி உட்கார்ந்திருந்தாள். முதுகு அளவுகோல் மாதிரி நேராக இருந்தது. மூடிய கண். ஊர் முழுக்க இடிந்து விழுந்தாலும் அசையமாட்டாள் என்பது போன்ற முகம். இவளுக்கு இப்போது எதுவும் கேட்காது என்று தோன்றியது. சத்தம் வராமல் திரும்பி, படுக்கையை நோக்கி ஒரு காலை எடுத்து வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"எனக்குச் சீனி கம்மியா."